துணியைப் பிடித்த கை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. கம்பெனி பஸ்ஸில் நான் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர சீட்டில் ஒரு நாள் தெரியாமல் உட்கார்ந்துவிட்ட பெண்ணோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவள் நான். அவள் கல்யாணப் பத்திரிகை கொடுத்த பிறகுதான் பேசினேன், அதுவும் பிரியாணி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதால். ஆகவே இதைப் படிக்கிறவர்கள், நடுவில் எங்கேயாவது நான் மனம் மாறி எல்லோரையும் மன்னித்துவிடுவேன் என்று காத்திருக்க வேண்டாம்.

பார் கம்பியில் ஆடி, கையை விட்டு, பின்பக்கமாக ஒரு பல்டி அடித்து, இரண்டு காலில் வந்து நிற்பதற்கு நான் கற்றுக்கொண்டேன். ஆரம்பித்தது விளையாட்டாகத்தான். கற்று முடித்தது ஒருத்தியைப் பழி வாங்குவதற்காக.

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். நான் ஒன்பதாவது படித்தபோது பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பி.டி. சார் வந்தார். வழக்கம்போல கோகோவும் கபடியும்தான் என்று நினைத்தோம். ஆனால் அவர் சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். ஏதோ ஒரு காலேஜில் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டிருந்த பார் செட்டைக் கேட்டு வாங்கி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெண்களுக்கான பாரில் இரண்டு கம்பி இருக்க வேண்டும், ஒன்று உயரமாக, ஒன்று தாழ்வாக. எங்களுக்கு வந்ததில் உயரக் கம்பி மட்டும்தான் உருப்படி. அதை மைதானத்தின் ஏரிக்கரை மூலையில் நட்டு, நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி நிறுத்தினார். எட்டுப் பெண்கள் சேர்ந்தோம்.

அந்த எட்டில் ஒருத்திதான் அவள். அவள் ஊர், நான் காலனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரோடும் ஒரு ரேஷன் கடையும். அவள் அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் ஏழெட்டு ஏக்கர் நிலம். என் அம்மா அந்த நிலத்தில் நாற்று நடுவாள், களை எடுப்பாள். நானும் அவளும் ஒரே வகுப்பு. சண்டையெல்லாம் கிடையாது. ஸ்கேல் கேட்டால் கொடுப்பாள். கையில் கொடுக்க மாட்டாள், டெஸ்க்கில் வைப்பாள். அப்போது அதை நான் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்கு நடை ஒரு மாதிரி இருப்பதில்லையா, அப்படி இது அவள் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

மெத்தை வாங்கப் பள்ளியில் வழி இல்லை. இறங்குகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்து, நான்கு மூலையிலும் ஆப்பு அடித்தோம். வைக்கோல் அவள் வீட்டிலிருந்து டிராக்டரில் வந்தது. அவள் அப்பா கூடவே வந்து இறக்கிவைத்தார். சார் அவருக்குச் சால்வை போடாத குறைதான், அவ்வளவு குழைந்தார். அந்த வைக்கோலுக்கான நெல்லை நட்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அம்மாவுக்கு யார் சால்வை போடப்போகிறார்கள்.

முதல் இரண்டு மாதம் வெறும் தொங்கலும் ஆட்டமும்தான். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, தோல் உரிந்து, ராத்திரி சோற்றில் கை வைத்தால் ரசம் பட்டு எரியும். கை வழுக்காமலிருக்க சாக்பீஸைப் பொடியாக்கி ஒரு டப்பாவில் வைத்திருந்தோம். பிறகுதான் இறங்குகிற பாடம் வந்தது. மூன்று ஆட்டம் ஆட வேண்டும். மூன்றாவதில் கால் முன்னால் ஏறும்போது கையை விட வேண்டும்.

"காலு கம்பி மட்டத்துக்கு வர்றப்ப வுட்ரணும்," என்பார் சார். "முன்னாடியே வுட்டா தூரமா போய் வியுவ. பின்னாடி வுட்டா கம்பியிலயே வந்து அடிப்ப. இதுல யோசிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. யோசிச்சா போச்சு."

கையை விட்டதும் உடம்பு காற்றில் சுற்றும்போது கீழே ஒருத்தி நின்று தாங்க வேண்டும். ஒரு கை முதுகில், ஒரு கை வயிற்றில். முதுகைத் தள்ளிவிட்டால் சுற்று முழுதாக வரும், வயிற்றுக் கை இருந்தால் முன்னால் குப்புற விழ மாட்டோம். இதற்கு சப்போர்ட் என்று பெயர். ஆண் வாத்தியார் பெண் பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது என்பதால் சார் இதை எங்களுக்குள்ளேயே செய்துகொள்ளச் சொன்னார். உயர வரிசையில் நிற்போம். குள்ளமானவள் முதலில், அவளுக்கு மட்டும் எட்டாவது பெண் சப்போர்ட். இறங்கினவள் அங்கேயே நின்று அடுத்தவளுக்கு சப்போர்ட் கொடுக்க வேண்டும். வரிசையில் அவள் ஆறாவது, நான் ஏழாவது. அதாவது என் முதுகும் வயிறும் அவள் பொறுப்பு.

எனக்கு மட்டும் பல்டி முழுதாக வரவில்லை. மற்றவர்கள் இரண்டே வாரத்தில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் பாதிச் சுற்றிலேயே மாட்டிக்கொண்டது போல் ஆகி, முழங்காலிலும் கையிலும் வந்து விழுவேன். ஆடுவதில் நான்தான் முதல். கை விடுகிற நேரமும் சரிதான் என்று சாரே சொன்னார். பிறகு ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் பாயில் படுத்துக்கொண்டு, என் உடம்பில் ஏதோ குறை என்று அழுதிருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் குழாயடியில் தண்ணீர் குடிக்க வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோருடைய நீல டீஷர்ட் முதுகிலும் வெள்ளையாக ஒரு கை பதிந்திருந்தது. சாக்பீஸ் பொடி பூசிய உள்ளங்கை, ஐந்து விரலும் தெளிவாக. அவள் முதுகிலும் இருந்தது. வீட்டுக்குப் போய் என் டீஷர்ட்டைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகு சுத்தமாக இருந்தது. கீழே ஓரத்தில், துணியின் விளிம்பில், இரண்டு விரல் நுனியின் வெள்ளை மட்டும்.

அவள் என்னைப் பிடிக்கவே இல்லை. இத்தனை நாளும் என் துணியைப் பிடித்திருந்தாள். செத்த எலியை வாலில் தூக்குவது போல, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும். என் சுற்று பாதியில் நின்றதற்கும் அதுதான் காரணம். முதுகைத் தள்ள வேண்டிய நேரத்தில் துணியைப் பிடித்து இழுத்தால் உடம்பு எப்படிச் சுற்றும்? என் உடம்பில் குறை என்று நான் அழுத நாள்களை எண்ணிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. நான் முன்பே சொன்னேன், என் கோபம் சீக்கிரம் போகாது.

இருந்தாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். மறுநாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அவளிடமே சொன்னேன், "முதுவுல கை வெய்யி. துணிய புடிக்காத."

"முதுவுலதான் வெக்கிறேன்," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அன்று மூன்றாவது ஆட்டத்தில் நான் கையை விட்டேன். காற்றில் தலைகீழாக இருக்கும்போது டீஷர்ட் கிழிகிற சத்தம் காதில் கேட்டது. அதற்கடுத்து என் இடது கை வைக்கோலில் புதைந்தது. உடம்பு முழுதும் அந்தக் கையின் மேல் வந்தது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் போய்விட்டன. தார்ப்பாயில் கிடந்து நிமிர்ந்து பார்த்தபோது அவள் விரலில் என் டீஷர்ட்டின் ஒரு நீலக் கிழிசல் தொங்கியது. அதை அவள் கீழே போட்டுவிட்டு, விரலை டிராக் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள். சாக்பீஸ் பொடியைத் துடைத்தாளோ என்னவோ. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, இன்றும் எடுத்துக்கொள்வதில்லை.

"லேட்டா வுட்டா சார்," என்றாள்.

சார் கிழிசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா, கொஞ்சம் லேட்டுதான்," என்றார். வைக்கோல் அவர்கள் வீட்டுடையது ஆயிற்றே.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரத்தில் நான் அவளை எத்தனை விதமாகத் தண்டித்தேன் என்று எழுதினால் எனக்கே கூச்சமாக இருக்கும். வைக்கோலுக்குத் தீ வைத்தேன். அவள் சைக்கிள் டயரைக் கத்தரித்தேன். அவள் மேலே தொங்கும்போது கம்பியின் ஆணியைக் கழற்றினேன். எல்லாம் படுத்த இடத்திலேயே. கடைசியில் இதெல்லாம் வேண்டாம், ஒன்றே ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். அவள் என் கையில் விழ வேண்டும். இரண்டு விரல் அல்ல, என் முழு உள்ளங்கையும் அவள் மேல் படவேண்டும். அதையும் அவளே வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டும். எல்லோர் முன்னாலும்.

அதற்கு முதலில் நான் இறங்கக் கற்றாக வேண்டும். எனக்குக் கீழே நிற்க ஆள் வேண்டும்.

அவர்கள் நிலத்துக்கு வேலைக்குப் போவதை அம்மா ஒரு நாளும் நிறுத்தவில்லை. "அவுங்க வூட்டு வேலைக்கே போவாத," என்று நான் கத்தினேன்.

"போவாம இன்னா பண்றது? நீ சம்பாரிச்சுப் போடுறியா?" என்றாள். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு கேட்டாள், "அவ எங்க கைய வெக்கணும்? எனுக்கு காட்டு."

மாவுக்கட்டு பிரித்து ஒரு மாதம் கழித்து, காலையில் வேலைக்குப் புறப்படும் முன் அம்மா என்னோடு மைதானத்துக்கு வர ஆரம்பித்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தார்ப்பாயில் கால் அகட்டி நிற்பாள். ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற சொல்லே அவள் வாயில் வராது. முதல் தடவை நான் ஆடியபோது, "அய்யய்ய, எறங்குடி, எறங்குடி," என்று அலறினாள். ஆனால் நான் கையை விட்டதும் அவள் கை சரியான இடத்தில் வந்தது. முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள் பாருங்கள், பல்டி முழுதாகச் சுற்றியது மட்டுமல்ல, நான் தார்ப்பாயைத் தாண்டிப் போய் விழுந்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாளெல்லாம் சேற்றில் நிற்கிற கைக்கு என் எடை ஒரு எடையே அல்ல.

ஆட்டம் உடம்பில் இருந்தது. பயம்தான் போகவில்லை. கை ஒடிந்தவளுக்குக் கம்பியை விடுவது என்றால் என்ன என்று கை ஒடிந்தவளுக்குத்தான் தெரியும். கால் மட்டத்துக்கு வரும், விடு என்று மனசு சொல்லும், விரல் கேட்காது. அந்த நேரத்தில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். விட வேண்டிய நொடியில் அவள் முகத்தை நினைத்துக்கொள்வேன். "லேட்டா வுட்டா சார்" என்ற குரலை நினைத்துக்கொள்வேன். விரல் தானாகப் பிரிந்துவிடும். தியானம், மூச்சுப் பயிற்சி என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு வன்மம் ஒன்று போதுமாயிருந்தது.

இருபது நாளில் அம்மாவின் கை தேவைப்படாமல் போயிற்று. ஒரு நாள் நடவுக்கு ஆள் பத்தவில்லை என்று சீக்கிரமே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தனியாகப் போனேன், ஆடினேன், விட்டேன், சுற்றினேன், நின்றேன். பார்த்தது ஏரிக்கரையில் மேய்ந்த ஒரு மாடுதான். அதுவும் முழுதாகப் பார்க்கவில்லை.

சாயங்கால வகுப்பில் திரும்பச் சேர்ந்தபோது எனக்கு ஒரு அதிர்ஷ்டம் காத்திருந்தது. நான் வராத மாதங்களில் அவள் வளர்ந்துவிட்டாள். சார் எங்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். அவள் என்னைவிட ஒரு விரற்கடை உயரம். வரிசை மாறியது. நான் ஆறாவது, அவள் ஏழாவது. இனி நான் இறங்கி நின்று அவளுக்கு சப்போர்ட் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் எனக்கு முன்னால் இறங்கிய பெண்ணிடம், "நீ நவுரு, எனுக்கு சப்போர்ட் வாணாம்," என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. டப்பாவில் கையை விட்டு இரண்டு உள்ளங்கையிலும் சாக்பீஸ் பொடியை நன்றாகப் பூசிக்கொண்டேன். அவளுக்குக் கீழே போய், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் மேலே ஏறினாள். ஆடினாள். ஒன்று, இரண்டு, மூன்று. விடவில்லை. நான்கு, ஐந்து. கீழே என் வெள்ளைக் கையைப் பார்த்தாள். ஆட்டத்தை நிறுத்தி, வெறுமனே தொங்கி, சும்மா குதித்தாள்.

"சப்போர்ட் வாணாம் சார், நானே எறங்குறேன்," என்றாள். ஆனால் சப்போர்ட் இல்லாமல் அவளுக்கு விடத் தெரியாது. மறுநாளும் தொங்கினாள். அடுத்த நாள், எட்டாவதாக நிற்கிற பெண் தனக்கு சப்போர்ட் கொடுக்கட்டும் என்று சாரிடம் கேட்டாள். சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "வரிச வரிசதான்," என்றார். அந்த மனிதர் எனக்குச் செய்த ஒரே நியாயம் அது. அதற்காக அவரை மன்னித்துவிடவில்லை.

மூன்று வாரம் அவள் தொங்கினாள். மூன்று வாரமும் நான் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த மூன்று வாரம் என் வாழ்க்கையின் மிக நல்ல வாரங்களில் சேர்த்தி. தினமும் சாயங்காலம் எப்போது வரும் என்று இருக்கும். அவள் தொங்கும்போது மெல்லச் சொல்வேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கேளு. வாயத் தொறந்து கேளு. புடிக்கிறேன்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தொங்குவாள்.

மாவட்டப் போட்டிக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கிற நாள் வந்தது. அன்று இறங்காதவளுக்கு இடமில்லை என்று சார் முன்பே சொல்லியிருந்தார். அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நின்றார். மகளைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வந்திருந்தார், கையில் ஒரு பை மிக்சர் வேறு. நான் இறங்கினேன், நின்றேன், பொடி பூசிக்கொண்டு அவளுக்குக் கீழே போனேன்.

மூன்று ஆட்டம் போயிற்று. அவள் விடவில்லை. சார் விசில் ஊதி, "கடைசி சான்ஸ்மா," என்றார். அவள் திரும்ப ஆட ஆரம்பித்தாள். முன்னால் வரும்போது என்னைக் குனிந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"புடி," என்றாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

எனக்குக் கேட்டது. அது போதாது என்று இருந்தது எனக்கு. வேலிக்கு வெளியே நிற்கிற மனிதருக்கும் கேட்க வேண்டும்.

"சத்தமா," என்றேன்.

"புடிடி!" என்று கத்தினாள். மைதானம் முழுக்கக் கேட்டது. "என்ன புடிடி!"

கையை விட்டாள். என் வலது உள்ளங்கை அவள் முதுகில் போய் உட்கார்ந்தது, இடது உள்ளங்கை வயிற்றில். ஒடிந்து கூடிய கை அது. தள்ளினேன். சுற்றி வந்து இரண்டு காலில் நின்றாள். சப்போர்ட் கொடுக்கிறவள் அதோடு கையை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. பத்து எண்ணுகிற நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வயிறு என் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் முதுகுக்கு மேலே நான் வேலியைப் பார்த்தேன், அவள் அப்பாவின் கண்ணைப் பார்த்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு இனித்தது.

சார் தேர்ந்தெடுத்த நான்கு பேரில் அவள் பெயரும் இருந்தது, என் பெயரும் இருந்தது. அவள் அப்பா மிக்சர் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் முதுகில் வெள்ளையாக என் கை இருந்தது. அதோடுதான் ஊர்த் தெரு வழியாக நடந்து போனாள்.

மறுநாள், சனிக்கிழமை, டிராக்டர் வந்து வைக்கோல் முழுதையும் அள்ளிக்கொண்டு போயிற்று. மாட்டுக்குத் தேவைப்படுகிறதாம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை அவள் அப்பா வெறுமையாகத் திருப்பி அனுப்பினார். பாரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சார் அவள் பெயரை அடித்துவிட்டு எட்டாவது பெண்ணின் பெயரை எழுதினார். போட்டியில் நான் மூன்றாவதாக வந்தேன். இரண்டு கம்பி இருக்கிற பாரை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன், மூன்றாவது வந்ததே பெரிது. அவள் அதன் பிறகு பார் பக்கம் வரவில்லை. ப்ளஸ் டூ முடித்த கையோடு திண்டிவனம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்வி.

அதன் பிறகு வரவில்லை என்றேன். ஒரு முறை வந்தாள். வைக்கோல் போனதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை.

இறங்குகிற இடத்தை மம்முட்டியால் கொத்தி மண்ணையாவது மெத்தென்று ஆக்கலாம் என்று சார் சொல்லியிருந்தார். அம்மா நடவுக்குப் போயிருந்தாள். நான் தனியாகக் கொத்திக்கொண்டிருந்தேன். அவள் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு வந்து நின்றாள். தலைக்குக் குளித்து, பூ வைத்திருந்தாள்.

"கோயிலுக்குப் போறேன்னு சொல்ட்டு வந்துகீறேன்," என்றாள். "நைனாக்கு தெரியாது."

நான் கொத்திக்கொண்டே இருந்தேன்.

"இனிமே என்ன வுட மாட்டாங்க. ஒரே ஒரு தபா எறங்கிட்டுப் போயிட்றேன். புடிக்கிறியா?"

யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை. பார்க்க யாரும் இல்லை. மூன்று வாரம் நான் பட்டினி கிடந்தது போலக் காத்திருந்த அதே கேள்விதான், தானாக வந்து என் முன்னால் நின்றது. நான் மம்முட்டியை நிறுத்தினேன்.

"அன்னிக்கு நான் துணியத்தான் புடிச்சேன்," என்றாள். "தெரிஞ்சேதான் புடிச்சேன். உன் மேல கோவம்லாம் ஒண்ணும் இல்லடி. வூட்ல சின்னப் புள்ளயிலருந்தே அப்டி சொல்லிச் சொல்லி, கை போவல. உன்கிட்ட வந்தா கை போவவே மாட்டன்னுது."

அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்வதற்காக அவள் கோயில் என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. என் இடது கை லேசாக வலித்துக்கொண்டிருந்தது. மம்முட்டி பிடித்த வலி. நான் ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் போதும்.

"எனுக்கும் கை போவல," என்றேன்.

மம்முட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவள் அழுவாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். பத்து அடி போயிருப்பேன். பின்னால் கம்பி கிறீச்சிட்டது. ஆட்டத்துக்கு ஆட்டம் அந்தச் சத்தம் நீண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு சத்தமே இல்லை.

அந்த நேரத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கை ஒடியட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டு பாதமும் ஒன்றாக மண்ணில் வந்து இறங்கின. தடுமாறினால் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற சத்தம் வரும். விழுந்தால் கை ஊன்றுகிற சத்தம் வரும். இது ஒரே ஒரு சத்தம். அதற்குமேல் ஒன்றுமே கேட்கவில்லை. அசையாமல் நிற்கிறாள் என்று அர்த்தம். வைக்கோல் இல்லாத தரையில், சப்போர்ட் இல்லாமல், அப்படி ஒரு இறக்கம் எங்கள் எட்டுப் பேரில் யாருக்கும் வந்ததில்லை, எனக்கும் வந்ததில்லை. ஆத்திரத்தில் எனக்குக் காது அடைத்தது. அவளுக்கு அதுதான் கடைசி என்று தெரியும். அதைப் பார்க்க அங்கே என்னைத் தவிர ஒரு ஆள் கிடையாது என்பதும் தெரியும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.